போக்கரில் முதல் இரண்டு சீட்டுகள்: எதை ஆடுவது, எதை விடுவது?

கொங்குநாட்டான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடந்த எட்டு மாதங்களாக ஞாயிறு மாலைகளில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் டெக்சஸ் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டும், மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஐந்து சீட்டும் கொண்ட போக்கர்) ஆடி வருகிறோம். ஒன்பது பேர் உட்காருவோம். பணம் வைப்பதில்லை, ஆளுக்கு 200 சிப், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு இருக்கைக்காரர்கள் கட்டாயமாகக் கட்டுவது) ஸ்மால் 1, பிக் 2, இரவு எழும்போது யாரிடம் எத்தனை சிப் இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வதோடு சரி. அதற்கு முன் இருபது ஆண்டுகள் ரம்மி மட்டுமே ஆடியவன் நான்.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, பெரிய கைகளில் நான் அதிகம் இழக்கவில்லை என்பது தெரிந்தது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி வரும்போது ஓரளவு ஒழுங்காகவே ஆடுகிறேன். சிப் கரைவதெல்லாம் நடுத்தரக் கைகளில்தான். எந்த இரண்டு சீட்டை ஆடலாம் என்று நிறத்தால் காட்டும் 169 கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை மனப்பாடமும் செய்தேன். எந்தக் கட்டம் எந்த நிறம் என்று சொல்லத் தெரிகிறதே தவிர, ஏன் அந்த நிறம் என்று தெரியவில்லை. அதனால் மேசையில் சூழ்நிலை சற்றே மாறினாலும் கை தடுமாறுகிறது.

போன வாரத்து மூன்று கைகளைச் சொல்கிறேன். முதலாவது, பிளைண்டுகளுக்கு அடுத்த இருக்கையில், அதாவது எல்லோருக்கும் முன்பாக நான் பேச வேண்டிய இடத்தில், வெவ்வேறு இனத்தில் ஏஸ்-9 வந்தது. சீட்டின் ஓரத்தைத் தூக்கியதும் ஏஸின் முனை தெரிந்தால் அதைக் கீழே போட எனக்கு மனம் வருவதே இல்லை. 6 சிப்புக்கு ரைஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்). ஒருவர் கால் செய்தார் (அதே தொகையைக் கட்டினார்). ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச்சீட்டுகளில், ஏஸ் விழுந்தது. மூன்று முறை பந்தயம் போட்டு, கடைசியில் அவர் ஏஸ்-ராணியைத் திறந்தபோது என்னிடமிருந்து 70 சிப் போயிருந்தது. இரண்டாவது, எனக்கு முன்னால் ஒருவர் 6 சிப்புக்கு ரைஸ் செய்திருக்க, 5-5 ஜோடியைக் கீழே போட்டேன். ஃப்ளாப்பில் இன்னொரு 5 விழுந்ததைப் பார்த்து வருந்தினேன். மூன்றாவது, பிக் பிளைண்டில் ராஜா-ஜாக்கி. முதல் இருக்கைக்காரரின் ரைஸுக்குக் கால் செய்து மறுபடியும் இழந்தேன்.

இன்னொரு அட்டவணையை நான் கேட்கவில்லை. இரண்டு சீட்டுகளைப் பார்த்ததும் மனதில் என்ன கேள்விகளை, எந்த வரிசையில் எழுப்பிக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிகழ்தகவு (மறுமொழி)

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் கையை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற கைகளில் வந்த தடுமாற்றத்துக்கும் வேர் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். எந்த இனம் என்ற வேறுபாட்டை ஒதுக்கி, இரண்டும் ஒரே இனமா இல்லையா என்பதை மட்டும் கணக்கில் கொண்டால் அவை 169 வகைகளாகச் சுருங்குகின்றன. நீங்கள் மனப்பாடம் செய்த கட்டங்கள் அவைதான். ஆனால் அந்தக் கட்டங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. ஒரு ஜோடி 6 விதமாக வரலாம். ஒரே இனக் கை 4 விதமாக வரலாம். வெவ்வேறு இனக் கை 12 விதமாக வரலாம். எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்குமோ என்று அஞ்சுவதைவிட, ஏஸ்-ராஜா இருக்குமோ என்று நினைப்பதற்கு அதிகக் காரணம் உண்டு, ஏனெனில் முன்னது 6 விதம், பின்னது 16 விதம். கட்டங்களை எண்ணாமல் விதங்களை எண்ணப் பழகுவதே முதல் படி.

இனி உங்கள் ஏஸ்-9. உங்கள் கையில் ஒரு ஏஸும் ஒரு 9-உம் போனபின் மீதி 50 சீட்டுகளில் மூன்று ஏஸ்கள் இருக்கின்றன. ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10 ஆகிய நான்கும் தலைக்கு 12 விதம், ஆக 48. ஏஸ் ஜோடி 3 விதம், 9 ஜோடி 3 விதம். 10 முதல் ராஜா வரையிலான நான்கு ஜோடிகள் 24 விதம். மொத்தம் 78. எதிரே உள்ள ஒருவருக்கு வரக்கூடிய 1,225 கைகளில் இந்த 78-உம் உங்களைத் தெளிவாக மிஞ்சி நிற்பவை, அதாவது 6.4 விழுக்காடு. ஒருவரை மட்டும் எண்ணினால் இது சிறிய எண்தான். ஆனால் முதல் இருக்கையில் உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் சீட்டைப் பார்க்கக் காத்திருந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவரிடமாவது அப்படியொரு கை இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 41 விழுக்காடு. அதே ஏஸ்-9, எல்லோரும் ஃபோல்ட் செய்து (சீட்டைப் போட்டு விலகி), பட்டனில் (முதல் சுற்றில் பிளைண்டுகளுக்குச் சற்று முன்பும், ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகவும் பேசும் இருக்கையில்) இருக்கும் உங்களிடம் பேச்சு வந்தபோது கையில் இருந்திருந்தால், பின்னால் இருப்பவர்கள் இரண்டு பிளைண்டுகள் மட்டுமே. வாய்ப்பு 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது.

சீட்டு மாறவில்லை, உங்களுக்குப் பின்னால் பேச இருப்பவர்களின் எண்ணிக்கைதான் மாறியிருக்கிறது. ஆகவே சீட்டின் ஓரத்தைத் தூக்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் என்பது. இரண்டாவது, எனக்கு முன்னால் யாராவது ரைஸ் செய்திருக்கிறாரா, செய்திருந்தால் எந்த இருக்கையிலிருந்து என்பது. மூன்றாவது, ஃப்ளாப்புக்குப் பிறகு நான் அவருக்கு முன்னால் பேச வேண்டியிருக்குமா, பின்னாலா என்பது. இவற்றுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்ட பிறகுதான் கையில் இருப்பது என்ன சீட்டு என்ற கேள்விக்குப் பொருள் வருகிறது.

ஏஸ்-ராணிக்கு எதிரே ஏஸ்-9 வெல்வது ஏறத்தாழ நான்கில் ஒரு முறைதான். போக்கரில் இதைக் கை ‘அமுக்கப்பட்டிருப்பது’ என்று சொல்லலாம்: இருவரிடமும் ஒரே பெரிய சீட்டு, துணைச்சீட்டு மட்டும் உங்களுடையது சிறியது. இதில் கவனிக்க வேண்டிய கொடுமை ஒன்று உண்டு. ஃப்ளாப்பில் எதுவும் விழாவிட்டால் நீங்கள் கொஞ்சம் இழந்து ஒதுங்கிவிடுவீர்கள். நீங்கள் வேண்டிக்கொண்ட அதே ஏஸ் விழும்போதுதான் 70 சிப் போகிறது. ஏஸ் விழுந்தும் எல்லோரும் ஃபோல்ட் செய்தால் உங்களுக்குக் கிடைப்பது பிளைண்டும் ஒரு சின்னப் பந்தயமும். ஏஸ் விழுந்து ஒருவர் மூன்று சுற்றும் உங்களோடு வந்தால் பெரும்பாலும் அவர் துணைச்சீட்டு உங்களுடையதைவிடப் பெரியது. வெல்லும்போது சிறிதும் தோற்கும்போது பெரிதுமாக முடியும் கையை முதல் இருக்கையில் எடுக்கவே கூடாது. ராஜா-10, ராணி-ஜாக்கி, ஏஸ்-8 போன்றவை வெவ்வேறு இனத்தில் வரும்போது இதே பட்டியலைச் சேர்ந்தவை.

நீங்கள் ரம்மியிலிருந்து வந்தவர் என்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ரம்மியின் 101 ஆட்டத்தில் கை சரியில்லை என்று முதலிலேயே ஸ்கூட் விட்டால் (ஆடாமல் விலகினால்) 20 புள்ளி ஏறுகிறது, நடுவில் விட்டால் 40. அதனால் ரம்மி ஆடியவர்களுக்கு ஸ்கூட் விடுவது என்றாலே ஒரு செலவு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஜோக்கர் ஒன்று இருந்தால்கூட ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. போக்கரில் பிளைண்ட் போடாத ஏழு இருக்கைகளிலும் முதல் ஸ்கூட்டுக்கு ஒரு சிப்கூடச் செலவில்லை. சுற்று ஒன்றுக்கு உங்களுக்கு ஆகும் கட்டாயச் செலவு இரண்டு பிளைண்டும் சேர்ந்து 3 சிப்தான். 200 சிப் கையில் இருக்கும்போது அறுபது சுற்றுக்கு மேல் பொறுமையாக உட்கார்ந்திருக்க முடியும். இங்கே செலவு பிடிப்பது நடு ஸ்கூட் மட்டுமே: கால் செய்துவிட்டு, ஃப்ளாப்பைப் பார்த்துவிட்டு, இன்னொரு பந்தயமும் கட்டிவிட்டு, அதன்பின் விடுவது.

ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கைக்கு என் பரிந்துரை இதுதான். 7-7 முதல் மேலுள்ள எட்டு ஜோடிகளும் 48 விதம். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி எந்த இனமானாலும் 32 விதம். ஒரே இனத்தில் ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10, ராஜா-ராணி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10 ஆகியவை 20 விதம். சரியாக 100 விதங்கள். மொத்தத்தில் ஏழரை விழுக்காடு. தேர்ந்தவர்கள் இதைவிடச் சற்றுத் தாராளமாக ஆடுவார்கள், ஆனால் பழகும் காலத்தில் இந்த இறுக்கம் உங்களைக் கடினமான முடிவுகளிலிருந்து காப்பாற்றும். இருக்கை நகர நகர விரித்துக்கொண்டே போகலாம். பட்டனில் எல்லோரும் ஃபோல்ட் செய்து பேச்சு உங்களிடம் வந்தால் 40 விழுக்காடு கைகளை எடுத்து ரைஸ் செய்வதுகூட மிகையல்ல.

இதை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள். ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு ஏஸையும் 9-ஐயும் தனியே எடுத்து வையுங்கள். மீதியைக் கலைத்து எட்டுப் பேருக்கும் இரண்டிரண்டாகத் திறந்தே போடுங்கள். நான் மேலே எண்ணிய கைகளில் ஒன்று எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு வாருங்கள். ஐம்பது முறை போட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். மனப்பாடத்தைவிட அந்தக் கோடுகள் ஆழமாகப் பதியும்.

ஆறாவது இருக்கை (மறுமொழி)

முந்தைய மறுமொழியோடு முழுவதும் உடன்படுகிறேன். 5-5 பற்றி அதில் பேசப்படவில்லை என்பதால் நான் தொடர்கிறேன்.

சிறிய ஜோடியைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு: எனக்கும் ரைஸ் செய்தவருக்கும் இடையே பணயத்துக்கு வரக்கூடிய சிப் எவ்வளவு? 5-5 வைத்திருக்கும்போது ஃப்ளாப்பின் மூன்று சீட்டுகளிலும் 5-ஐவிடப் பெரியது எதுவும் விழாமல் இருப்பது நூற்றில் இரண்டு முறைகூட இல்லை. ஆகவே அந்த ஜோடி அப்படியே நின்று வெல்லும் என்று கணக்குப் போட முடியாது. மூன்றாவது 5 ஃப்ளாப்பில் விழ வேண்டும். அது எட்டரை முறைக்கு ஒரு முறைதான் நடக்கும். 6 சிப் கட்டி ஏழரை முறை வெறுங்கையோடு திரும்புகிறீர்கள் என்றால் 45 சிப் போகிறது. விழும் அந்த ஒரு முறையில் சராசரியாக அதைவிட அதிகமாக வசூலிக்க முடிந்தால் மட்டுமே கால் செய்தது சரி. விழுந்த ஒவ்வொரு முறையும் எதிராளி முழுவதையும் கொடுத்துவிட மாட்டார். சில நேரம் அவர் கையிலும் ஒன்றும் இராது, முதல் பந்தயத்திலேயே போய்விடுவார். அதனால் கால் செய்யும் தொகையைப்போல் பதினைந்து, இருபது மடங்கு சிப் இருவரிடமும் இருக்க வேண்டும் என்பதை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். இருவரில் யாரிடம் குறைவோ அவருடைய சிப்தான் கணக்கு.

உங்கள் மேசையில் 6 சிப்புக்கு 200 சிப் என்றால் முப்பது மடங்குக்கு மேல். அங்கே 5-5-ஐக் கீழே போட்டது தவறுதான். ஆனால் ஃப்ளாப்பில் 5 விழுந்ததால் அது தவறாகிவிடவில்லை. விழாமல் போயிருந்தாலும் அது தவறே. அதே ரைஸைச் செய்தவரிடம் 50 சிப் மட்டுமே மீதி இருந்திருந்தால், 5 விழுந்தாலும் விழாவிட்டாலும் ஃபோல்ட் செய்ததே சரி. முடிவைச் சரி பார்க்கும்போது ஃப்ளாப்பைக் கையால் மூடி மறைத்துக்கொண்டு பார்க்கப் பழகுங்கள்.

உங்களிடம் 25, 30 சிப்பாகக் குறைந்துவிட்ட பின்னிரவு ஆட்டத்திலோ, பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும் டோர்னமென்டிலோ இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே மூன்றாவது 5-க்காகக் காத்திருக்க இடமில்லை. யாரும் ரைஸ் செய்யாமல் பேச்சு உங்களிடம் வந்து, பின்னால் ஓரிருவரே இருந்தால், 5-5-ஐ வைத்து மொத்தத்தையும் தள்ளுவது நியாயமானது. ஜோடி இல்லாத இரண்டு பெரிய சீட்டுக்கு எதிரே சிறிய ஜோடி கிட்டத்தட்டச் சரிபாதிக்குச் சற்று மேலேயே நிற்கும். அதைவிட முக்கியம், பெரும்பாலும் எல்லோரும் விலகி பிளைண்ட் உங்களுக்கே கிடைக்கும்.

இன்னொன்று, ஒரே இனம் என்ற மயக்கம். ராஜா-4 இரண்டும் இஸ்பேட் என்பதற்காக உள்ளே வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைவது ஏறத்தாழ 118 முறைக்கு ஒன்று. இன்னும் ஒரு சீட்டு வந்தால் போதும் என்ற நிலை அமைவது ஒன்பது முறைக்கு ஒன்று. ஒரே இனமாக இருப்பதால் கையின் வெற்றி வாய்ப்பு மூன்று விழுக்காடு அளவுக்குக் கூடும். ஏற்கெனவே எல்லையில் இருக்கும் கையை உள்ளே கொண்டுவர அது போதும், கெட்ட கையை நல்ல கையாக்கப் போதாது.

பழைய மேசை (மறுமொழி)

இருவரும் எழுதியவை பயனுள்ளவை. ஆனால் கேள்வி கேட்டவரின் மேசை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? வீட்டு மேசைகளில் ரைஸ் குறைவு. ஐந்து பேர் வெறும் 2 சிப் கட்டி லிம்ப் செய்து உள்ளே வருவார்கள். அங்கே ஏழரை விழுக்காடு கைகளோடு உட்கார்ந்திருந்தால் கிடைக்க வேண்டிய நல்ல விலைகளை விட்டுவிடுவோம் என்பது என் அனுபவம். ஐந்து பேர் முன்னால் லிம்ப் செய்திருக்க, பட்டனில் ஒரே இனத்தில் 7-6 இருந்தால் நானும் 2 சிப் கட்டி உள்ளே போவேன். பின்னால் பேசும் வசதி இருக்கிறது, அமைந்தால் பெரிதாக அமையும், அமையாவிட்டால் இழப்பது இரண்டே சிப்.

மோசமான கைகளும் ஆட்களைப் பொறுத்து வெல்லும் என்பதற்கு அமெரிக்கப் போக்கர் வீரர் டாயில் பிரன்சனை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1976, 1977 இரு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை அவர் வென்ற கடைசிக் கை 10-2. இன்றும் அந்தக் கைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

நிகழ்தகவு (மறுமொழி)

7-6 பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பலர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பிறகு, பட்டனில், சிப் நிறைய இருக்கும்போது அவர்களைப் பின்தொடர்ந்து மலிவாக ஃப்ளாப் பார்ப்பதில் தவறில்லை. நான் மறுப்பது, முதல் ஆளாக உள்ளே வரும்போது லிம்ப் செய்வதை. முதல் ஆளாக ரைஸ் செய்தால் அங்கேயே பிளைண்டை வெல்லும் வழி ஒன்று கூடுதலாகத் திறக்கிறது. லிம்ப் செய்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது, பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் மலிவாக உள்ளே வருகிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுன், டூமாஸ் சாண்ட்ஹோம் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ‘புளூரிபஸ்’ என்ற ஆறு பேர் ஆட்டத்துக்கான கணினி நிரல், மனிதர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்காமல் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. அதுவும் இதே முடிவுக்குத்தான் வந்தது: ஸ்மால் பிளைண்டைத் தவிர வேறு எந்த இருக்கையிலிருந்தும் லிம்ப் செய்வது உகந்ததல்ல.

10-2 கதையைப் புதியவர்களிடம் சொல்லும்போது, மேசையில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போட்டியின் கடைசிக் கை என்றால் எதிரே இருந்தவர் ஒரே ஒருவர். இருவர் மட்டுமே ஆடும்போது ஒவ்வொரு கையிலும் பிளைண்ட் கட்ட வேண்டியிருப்பதால் பாதிக்கு மேற்பட்ட கைகளை ஆடியே தீர வேண்டும். ஒன்பது பேர் மேசையின் முதல் இருக்கைக்கு அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

கொங்குநாட்டான் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டுக்கட்டுச் சோதனையைச் செய்துவிட்டேன். நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் ஏஸ்-9-ஐத் தனியே வைத்து ஐம்பது முறை போட்டேன். மகள் கோடு போட்டாள். 19 முறை யாராவது ஒருவரிடம் பெரிய ஏஸோ பெரிய ஜோடியோ இருந்தது. ஓரிரு முறை இரண்டு பேரிடம் இருந்தது. எண்ணாகப் படித்தபோது 41 விழுக்காடு என்பது எனக்கு உறைக்கவில்லை. பதினான்காவது முறை, வரிசையாக மூன்று முறை ஏஸ்-ராஜா திறந்தபோது உறைத்தது.

ராஜா-ஜாக்கி கை மட்டும் இன்னும் தெளியவில்லை. பிக் பிளைண்டில் 2 சிப் ஏற்கெனவே கட்டியிருந்தேன். முதல் இருக்கைக்காரர் 6-க்கு ரைஸ் செய்தார், மற்றவர்கள் எல்லோரும் விலகினார்கள். இன்னும் 4 சிப் கட்டினால் போதும் என்பதால் மலிவு என்று நினைத்துக் கால் செய்தேன். வெவ்வேறு இனம். அவர் பொறுமைசாலி; முதல் இருக்கையிலிருந்து அவர் ரைஸ் செய்து நான் பார்ப்பது அரிது. ஏற்கெனவே 2 சிப் உள்ளே இருக்கும்போது இதை எப்படி எடைபோடுவது?

நிகழ்தகவு (மறுமொழி)

உங்கள் மகளின் கோடுகள் கணக்கோடு ஒத்துப்போவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

உள்ளே போய்விட்ட 2 சிப் இனி உங்களுடையது அல்ல. அது நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தத்துக்குச் சொந்தம். ஆனால் அது அந்த மொத்தத்தைப் பெரிதாக்கியிருப்பதால் உங்களுக்கு விலை குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. அவருடைய 6, உங்கள் 2, ஸ்மால் பிளைண்டின் 1 ஆக 9 சிப் நடுவில் இருக்கிறது. நீங்கள் 4 கட்டினால் 13. நான்கைப் பதின்மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 31 விழுக்காடு. ஆக, அவருக்கு எதிரே உங்கள் கை 31 விழுக்காட்டுக்கு மேல் வெல்லுமா என்பதே கேள்வி.

அவர் பொறுமைசாலி என்கிறீர்கள். 10-10 முதல் மேலுள்ள ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே இனத்தில் ராஜா-ராணி ஆகியவற்றோடுதான் அங்கே ரைஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஒரு ராஜாவும் ஒரு ஜாக்கியும் இருப்பதால் அவரிடம் ராஜா ஜோடியும் ஜாக்கி ஜோடியும் ஆறு விதத்திலிருந்து மும்மூன்று விதமாகக் குறைகின்றன. ஏஸ், ராணி, 10 ஜோடிகள் 18 விதம், ராஜா, ஜாக்கி ஜோடிகள் 6 விதம், ஏஸ்-ராஜா 12, ஏஸ்-ராணி 16, ராஜா-ராணி 3. மொத்தம் 55. இதில் ஏஸ்-ராஜாவும் ராஜா-ராணியும் உங்களை அமுக்குபவை. அவற்றுக்கு எதிரே நான்கில் ஒரு முறைதான் வெல்வீர்கள். ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் எதிரே அதில் பாதி அளவை ஒட்டியோ அதற்குக் கீழோதான் தேறும். 10 ஜோடிக்கு எதிரே 43, ஏஸ்-ராணிக்கு எதிரே 40 விழுக்காடு கிடைக்கும். எல்லாவற்றையும் விதங்களால் பெருக்கிச் சராசரி எடுத்தால் 30 விழுக்காட்டை ஒட்டி வருகிறது.

கேட்கும் விலை 31, கையில் இருப்பது 30. காகிதத்தில் இது மயிரிழை வித்தியாசம். ஆனால் அந்த 30 என்பது ஐந்து சீட்டுகளும் திறக்கும்வரை இருவரும் வேறு பந்தயமே கட்டாமல் பார்த்தால் கிடைக்கும் எண். நீங்களோ ஃப்ளாப், டர்ன் (நான்காவது பொதுச்சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் அவருக்கு முன்னால் பேச வேண்டியவர். எதுவும் விழாத ஃப்ளாப்பில் அவர் பந்தயம் போட்டால் விலகுவீர்கள். அப்படி விலகும் முறைகளில், ரிவர் வரை இருந்திருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய சிலவும் அடங்கியிருக்கும். ராஜா விழுந்தாலோ ஏஸ்-ராஜாவிடம் மூன்று சுற்றும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே 30-இல் உண்மையில் கைக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. அந்த மனிதருக்கு எதிரே, அந்த இருக்கையிலிருந்து, அது ஃபோல்ட்.

இதே ராஜா-ஜாக்கி, இதே பிக் பிளைண்ட், ஆனால் ரைஸ் செய்தவர் பட்டனில் இருந்து 5-க்குச் செய்திருக்கிறார் என்று மாற்றிப் பாருங்கள். நீங்கள் கட்ட வேண்டியது 3, மொத்தம் 11 ஆகும், தேவை 27 விழுக்காடு. பட்டன்காரர் பத்தில் நான்கு கைகளோடு ரைஸ் செய்பவர் என்றால் அவர் கையில் ராணி-9, ராஜா-8, 7-6 எல்லாம் இருக்கக்கூடும். அவற்றில் பலவற்றை உங்கள் ராஜா-ஜாக்கி மிஞ்சி நிற்கிறது. அங்கே கால் செய்வதில் தயக்கமே வேண்டாம். சில நேரம் மறு ரைஸும் செய்யலாம்.

அடுத்த ஞாயிறு முடிந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் நோட்டில் கையில் வந்த சீட்டை எழுதுமிடத்துக்கு முன்னால் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வரையுங்கள்: பின்னால் எத்தனை பேர், முன்னால் ரைஸ் செய்தது எந்த இருக்கை. ஏதாவது ஒரு கை குழப்பினால் அந்த இரண்டு கட்டங்களோடும் இருவரின் சிப் எண்ணிக்கையோடும் இங்கே எழுதுங்கள்; எண்ணிப் பார்ப்போம்.